கிளாடிஸ் சிபாரிசு செய்யாத படம்

கிளாடிஸிடம் போய் "ஒரு நல்ல படம் சொல்லுங்க" என்று கேட்கிறவர்களுக்கு உடனே பதில் கிடைக்காது. "ஊட்டுல ஆரெல்லாம் இருக்கறீங்க?" என்பாள். "மாமியா கூடத்தான் இருக்குதுங்களா, தனியாவா?" என்பாள். அப்புறம் சாவகாசமாக, "கடைசியா எப்ப அழுதீங்க?" என்பாள். கேட்டவர், படம்தானே கேட்டோம், ஜாதகமா கேட்டோம் என்று விழிப்பார். டாக்டர் மாதிரி விசாரிக்கிறாளே என்று சிலர் சொல்வதுண்டு. அது சரியில்லை. டாக்டர்கள் இத்தனை கேள்வி கேட்பதில்லை.

விசாரணை முடிந்ததும் கண்ணை மூடி யோசித்துவிட்டுச் சொல்வாள்: "உங்களுக்கு அந்த மீன் சந்தைப் படந்தானுங்க."

அது கொரியாப் படமா, துருக்கிப் படமா, அதன் நிஜப் பெயர் என்ன என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெயர்கள் பெரியநாயக்கன்பாளையத்து வாய்களில் நுழைந்து முழுசாக வெளியே வந்ததில்லை. அதனால் அவளே பெயர் சூட்டிவிட்டாள். மீன் சந்தைப் படம். லிஃப்ட் ரிப்பேர் படம். பொதுச் சுவரு படம். கூடவே போனில் தேடி அனுப்பியும் விடுவாள். பார்க்காதவர்களை மறுவாரம் விட மாட்டாள். "பாத்தீங்களா?" என்று பஸ் ஸ்டாப்பில் வைத்துக் கேட்பாள். அவள் போகிற சர்ச்சின் பங்கில் சிலர் அவளைக் கண்டதும் எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறுவது இதனால்தான்.

வேலை, பம்ப்செட் மோட்டார் பட்டறையில் வைண்டிங். செப்புக் கம்பியைச் சுருளாகச் சுற்றி மோட்டாரின் வயிற்றுக்குள் விரலால் அழுத்தி இறக்க வேண்டும். கம்பி சதையைக் கீறும். அந்த மேஜையில் வேலை செய்கிற பெண்கள் எல்லோருடைய விரல்களிலும் பிளாஸ்டர் இருக்கும். கொரியா அவளுக்குள் நுழைந்ததும் அந்தப் பிளாஸ்டர் வழியாகத்தான்.

ஊரடங்கில் பட்டறை மூடியிருந்தது. கணவன் பாக்கியராஜின் லோடு ஆட்டோ வாசலில் கிடந்தது. போனுக்கு ரீசார்ஜ் செய்தபோது ஏதோ ஒரு சினிமா ஆப் இலவசமாக ஒட்டிக்கொண்டு வந்தது. கைபட்டு ஒரு படம் ஓடியது. பனியில் ஒரு பெண் குந்தி உட்கார்ந்து கடல் சிப்பிகளை உடைத்துக்கொண்டிருந்தாள். உடைத்தாள், உடைத்தாள், உடைத்துக்கொண்டே இருந்தாள். யாரும் பாடவில்லை. யாரும் அவளைப் பார்த்துக் காதல் கொள்ளவில்லை. அவள் விரல்களில் பிளாஸ்டர் சுற்றியிருந்தது. ஒன்று ஈரத்தில் பிரிந்துவர, பல்லால் கடித்து இழுத்துச் சுற்றிக்கொண்டாள்.

கொரியாவிலும் அப்பாவை அப்பா என்றுதான் கூப்பிடுகிறார்களாம் என்று அந்நாளில் வாட்ஸப்பில் ஆளுக்கு ஆள் புல்லரித்துக்கொண்டிருந்தார்கள். கிளாடிஸுக்குப் புல்லரிக்கவில்லை. கோபம் வந்தது.

"ஏனுங்க, இங்க வாங்க" என்று பாக்கியராஜைக் கூப்பிட்டு அந்தப் பல்லால் இழுக்கிற இடத்தைத் திரும்பப் போட்டுக் காட்டினாள். "என்ர வெரலு எங்கியோ கெடக்கற கொரியாக்காரனுக்குத் தெரிஞ்சிருக்குது. நானும் கொழந்தையில இருந்து தியேட்டருக்குப் போறேன். இங்க ஒருத்தனுக்கும் தெரியலியே!"

"அவன் எடுத்திருக்கறது அவ வெரலு, அம்மணி."

"ரெண்டும் ஒண்ணுதானுங்க."

அடியில் ஓடும் எழுத்து இங்கிலீஷ். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீஷ் அவளிடம் இருந்தது, ஆனால் அது மெதுவாக நடக்கிற இங்கிலீஷ். நிறுத்தி நிறுத்திப் படித்தாள். ஒரு படம் முடிய இரண்டு பகல் பிடித்தது. கொரியா முடிந்து ஜப்பான், ஈரான், போலந்து என்று போனாள். பட்டறை திறந்ததும் சாப்பாட்டு நேரத்தில் கதையாகச் சொன்னாள். கதை கேட்டவர்களுக்குப் படம் பார்க்க ஆசை வந்தது. அப்போதிருந்த பங்குச் சாமியார், கோயில் வளாகத்தில் சும்மா கிடந்த பழைய மறைக்கல்வி அறையையும், தியானக் கூட்டத்துக்கு வாங்கிய புரொஜெக்டரையும் சனிக்கிழமை மதியங்களில் எடுத்துக்கொள்ளச் சொல்லி, சாவியை அவளிடமே கொடுத்துவிட்டார்.

அதிலிருந்து சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்ததும் வைண்டிங் மேஜை மொத்தமும் அந்த அறைக்கு வந்துவிடும். இந்துப் பெண்கள், கிறிஸ்தவப் பெண்கள், மோர் பாட்டில், முறுக்கு. கிளாடிஸ் சுவரோரம் ரிமோட்டோடு உட்கார்ந்து திரையில் பேசுகிற அத்தனை பேருக்கும் அவளே தமிழில் குரல் கொடுப்பாள். அவள் வாயில் சியோல் நகரத்து ரவுடிகூட மரியாதைக்காரன் ஆகிவிடுவான். கத்தியை உருவிக்கொண்டு வந்து, "ஏனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க, உங்களைக் கொன்னுபோட்டுப் போகச் சொல்லியிருக்கறாங்க" என்பான். சாகிறவன், "சேரிங்க, சட்டுன்னு முடிச்சுருங்க" என்பான்.

இந்தப் படங்களைப் பார்த்து யாரும் திருந்தவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பக்கத்து மேஜை மாசாணியம்மாளுக்கும் தொண்டாமுத்தூரில் இருக்கும் அவள் அண்ணனுக்கும் வீட்டு மனையில் வேலித் தகராறு. வேலியை யானை தள்ளிவிட்டது என்று அண்ணன் சொன்னான். "யானை இத்தன நேரா, அளந்து, ஓரடி எம்பக்கமாத் தள்ளுமாக்கும்?" என்று கேட்டாள் மாசாணி. அவளுக்குக் கிளாடிஸ் பொதுச் சுவரு படத்தைச் சொன்னாள். ஒரே சுவரைப் பங்குபோட்டுக்கொண்டு பேசாமல் இருக்கும் அக்கா தங்கை கதை. பார்த்து முடித்த மாசாணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தத் தங்கச்சி நெம்ப எளகுன மனசு. அதான் ஏமாந்துட்டா. நான் உட மாட்டேன்" என்று மறுநாளே சர்வேயரைக் கூட்டிக்கொண்டு தொண்டாமுத்தூருக்குப் போனாள். கிளாடிஸுக்கு இதில் வருத்தமே இல்லை. அவள் யாரையும் திருத்துவதற்காகப் படம் சொன்னதில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த சனிக்கிழமைகளுக்கு ஆபத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஜெனிதா கல்யாணத்தின் வழியாக வந்தது.

பங்குக் கோயிலில் கல்யாணம் என்றால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பது வழக்கம். இன்னாரின் மகன் இன்னாரும் இன்னாரின் மகள் இன்னாரும் திருமணம் செய்துகொள்ளவிருக்கிறார்கள்; தடை ஏதேனும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள். இந்தக் கடைசி வரி வரும்போது கூட்டம் மாப்பிள்ளை வீட்டு பெஞ்சைத் திரும்பிப் பார்க்கும், இருமும், குழந்தையின் வாயில் பிஸ்கட் வைக்கும். தடை தெரிந்தவர்கள் அதைக் கோயிலுக்கு வெளியே, டீக்கடையில், கல்யாணம் முடிந்த பிறகுதான் தெரிவிப்பார்கள். பங்குத்தந்தையிடம் போய் யாரும் தெரிவித்ததாக அந்தப் பங்கில் யாருக்கும் ஞாபகமில்லை.

லேத் பட்டறை வைத்திருக்கும் ஜெரால்டின் மகள் ஜெனிதா. ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். மாப்பிள்ளை ஷெர்வின், சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. அவன் தாய் ஜெயக்கொடியின் குடும்பம், பூசைக்கு எத்தனை தாமதமாக வந்தாலும் முன் பெஞ்சு காலியாகவே காத்திருக்கும் குடும்பம். இரண்டாவது ஓலை வாசித்த அன்று, பூசை முடிந்து சாமியார் உடுப்பைக் கழற்றிக்கொண்டிருந்த அறைக்குள் ஜெனிதா போனாள்.

"ஃபாதர், ஒரு தடை இருக்குதுங்க."

"எந்த ஓலைக்கும்மா?"

"ஷெர்வின், ஜெனிதா ஓலைக்குங்க."

சாமியார் புதியவர், இளைஞர். நிமிர்ந்து பார்த்தார். "ஜெனிதா நீதானம்மா?"

"ஆமாங்க."

"தடைன்னா என்ன தெரியுமா? முன்னாடியே கல்யாணம் ஆகியிருக்கறது, நெருங்கின ரத்த சொந்தம், அந்த மாதிரி."

"எனக்கு இஷ்டமில்லீங்க ஃபாதர். அது அதுல வராதுங்களா?"

குருமடத்தில் பல வருடம் படித்தவர் அவர். அது வருகிறது என்பது மட்டுமல்ல, அதுதான் முதலில் வருகிறது என்பதும் அவருக்குத் தெரியும். பாவம், உடுப்பைக் கையில் பிடித்தபடியே நின்றார்.

மூன்றாவது ஓலை நின்றுபோனது. பத்திரிகை அடித்தாயிற்று, மண்டபம் பேசியாயிற்று, ஒறம்பரை, சொந்தபந்தத்துக்கெல்லாம் சொல்லியாயிற்று. இத்தனைக்கும் பிறகு ஒரு பெண் தானாகவே எழுந்து "வேண்டாம்" என்று சொல்லியிருப்பாள் என்பதை நம்ப இரண்டு வீட்டாருக்கும் கஷ்டமாக இருந்தது. யாரோ சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். துப்பும் கிடைத்தது. ஜெனிதா தன் வாட்ஸப் ஸ்டேட்டஸில் ஒரு படம் வைத்திருந்தாள்: வெள்ளைக் கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மழையில் ஓடும் கல்யாணப் பெண். கொரியாக்காரி. பங்கில் கொரியா என்றால் கிளாடிஸ். விசாரணை அதோடு முடிந்தது. கூட்டம் போடுவதுதான் பாக்கி.

ஞாயிறு பூசைக்குப் பிறகு பங்கு மண்டபத்தில் கூடினார்கள். சாமியார் நடுவில். பக்கத்தில் பங்குப் பேரவைச் செயலாளர் ஆல்வின், பேங்கில் ரிட்டயர் ஆனவர், மினிட்ஸ் எழுதாமல் மூச்சுகூட விடாதவர். கிளாடிஸ் படிக்க வேண்டிய மன்னிப்பை அவரே எழுதிக்கொண்டு வந்திருந்தார். "எனது சிபாரிசால் இறைமக்களுக்கு விளைந்த இடறலுக்காக மனம் வருந்துகிறேன்" என்று அது ஆரம்பித்தது. படித்தால் எல்லாம் பழையபடி. படிக்காவிட்டால் மறைக்கல்வி அறைச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பேரவை அப்படி முடிவெடுத்திருந்தது. முன்வரிசையில் ஜெயக்கொடி. ஷெர்வின் வரவில்லை, ஞாயிற்றுக்கிழமையும் ஆபீசில் மீட்டிங்காம். ஜெரால்டு தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். ஜெனிதா கடைசியில், உடைந்த நாற்காலிகள் அடுக்கிய மூலையில், தனியாக.

ஒருவரை அவமானப்படுத்துவதென்றாலும் மரியாதை குறையாமல் செய்வதுதான் அந்தப் பக்கத்துப் பண்பு. ஜெயக்கொடி எழுந்தார்.

"ஏனுங்க கிளாடிஸு, எங்க குடும்பம் உங்களுக்கு என்ன கெடுதலுங்க பண்ணுச்சு? எம் பையன் பொழப்புல இப்படி மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே, நீங்க நல்லா இருப்பீங்களா? உங்க ஊடு வெளங்குமுங்களா?"

"எந்தப் படமுங்க?" என்றாள் கிளாடிஸ்.

"தெரியாதாக்கும்! அதானுங்க, பொண்ணு கவுனைத் தூக்கிட்டுக் கோயில்ல இருந்து ஓடுதே. மழை பேயுது. ரோட்டுல ஒருத்தன் பைக்கோட நிக்கறான். ஓடிப்போய் ஏறிக்குது. அவன் பெரிய கம்பெனி மொதலாளி மகனாம்."

கிளாடிஸின் முகம் மாறியது. இதுவரை அவள் முகத்தில் இருந்தது வெறும் பிடிவாதம். இப்போது நிஜமாகவே காயம் பட்டுவிட்டது.

"அதையா? அதையா நான் சொன்னேங்கறீங்க? அந்தக் கருமத்தையா?"

"கோயில் வளாகமுங்க, வார்த்தை பாத்து" என்றார் ஆல்வின்.

"மன்னிச்சுக்குங்க."

ஆல்வின் ஆவலோடு பேனாவைத் திறந்தார். "இதை எழுதிக்கட்டுங்களா?"

"வார்த்தைக்கு மட்டுந்தானுங்க." கிளாடிஸ் எழுந்து நின்றாள். "ஃபாதர், நீங்களே சொல்லுங்க. அந்தப் புள்ள கோயில்ல இருந்து மெயின் ரோடு வரைக்கும் மழைல ஓடுது. கவுன்ல ஒரு பொட்டுச் சேறு இல்லீங்க. நான் மழைல ஓடியிருக்கறேன், இடுப்பு வரைக்கும் அடிக்குமுங்க. அதக்கூட உடுங்க. ஒருத்தன்கிட்ட இருந்து ஓடி இன்னொருத்தன் பைக்குல ஏறுனா அதுக்குப் பேரு ஓடறதுங்களா? காந்திபுரத்துல எறங்கி உக்கடம் வண்டி புடிக்கறாட்டம், அது பஸ் மாறறதுங்க. அதப் போயி நான் ஒரு கல்யாணப் பொண்ணுக்குச் சொல்லுவனா? எனக்குன்னு ஒரு பேரு இல்லீங்களா?"

பெண்கள் பக்கம் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டு இருமலாக்கினார்கள். சாமியார் மேஜைத் துணியின் பூவேலையைக் கவனமாகப் பார்த்தார்.

ஜெயக்கொடிக்கு இது பொறுக்கவில்லை. மரியாதை வாயில் இருந்தது, மற்றதெல்லாம் கண்ணில் வந்தது. "தொண்டாமுத்தூருத் தோட்டத்துல களையெடுத்த குடும்பமுங்க உங்குளுது. எங்களுக்குத் தெரியாதுங்களா? உங்களுக்கெல்லாம் எதுக்குங்க கொரியா?"

பாக்கியராஜ் பாதி எழுந்தான். கிளாடிஸ் அவன் தோளை அழுத்தி உட்கார வைத்தாள்.

"ஆமாங்க. எங்காத்தா எடுத்துச்சு, நானும் எடுத்திருக்கறேன். அதனாலதானுங்க எது பயிரு, எது களைன்னு பாத்த ஒடனே தெரியுது. அந்தக் கவுனு படம் களைங்க. நீங்க வேணும்னா தண்ணி பாய்ச்சி வளத்துக்குங்க."

ஆல்வின் இதை எழுதுவதா வேண்டாமா என்று சாமியாரைப் பார்த்தார். சாமியார் வழி ஒன்று கண்டுபிடித்துவிட்டார். முகம் தெளிந்தது.

"ஒரு நிமிஷம். அந்தப் படத்தை கிளாடிஸ் சொல்லவே இல்லைங்கறாங்க. இல்லையா? அப்ப அந்தப் பொண்ணு தானாத்தான் பாத்திருக்கு. இதுல கிளாடிஸுக்குச் சம்பந்தம் இல்லைன்னு எழுதி முடிச்சிருவோம். மன்னிப்பும் வேண்டாம். ரூமும் அவங்ககிட்டயே இருக்கட்டும்."

எல்லோருக்கும் மூச்சு வந்தது. ஜெயக்கொடிகூட உட்கார்ந்தார். ஆல்வின் பழைய தாளை அடித்துவிட்டுப் புதிதாக எழுதி உரக்கப் படித்தார்: "மேற்படி ஜெனிதா தன்னிச்சையாகத் தீய படமொன்றைக் கண்டு மதிமயங்கித் தனது பெற்றோருக்கும் பங்குக்கும்..."

தலைகள் பின்னால் திரும்பின. உடைந்த நாற்காலிகளுக்குப் பக்கத்தில் ஜெனிதா கைகளைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் கூட்டத்துக்குப் பிடித்திருக்கும்.

கிளாடிஸ் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. பேசாமல் உட்கார்ந்தால் போதும். சனிக்கிழமை மதியம், மோர் பாட்டில், முறுக்கு, புரொஜெக்டர் எல்லாம் அவளிடமே இருக்கும். பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. ஆல்வின் எழுதியதில் படத்தைப் பற்றிய விஷயம் உண்மைதான். உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் எழுந்தாள்.

"நிறுத்துங்க ஆல்வினு. நான் வேற ஒரு படம் சொன்னேனுங்க."

"கிளாடிஸு..." என்றான் பாக்கியராஜ், மெதுவாக.

"மொத ஓலைக்கு முந்தின வாரம் இந்தப் புள்ள எங்கூட்டுக்கு வந்துச்சு. படம் சொல்லுங்கன்னு கேட்டுச்சு. கடைசியா எப்ப அழுதே கண்ணுன்னு கேட்டேன். நிச்சயத்தன்னிக்குன்னுச்சு. எதுக்குன்னேன். தெரியலைன்னுச்சு. சேரின்னு பூண்டுப் படத்தச் சொன்னேன்."

"பூண்டுப் படமா?" என்றார் சாமியார்.

"கொரியாப் படந்தானுங்க. அதுல ஆரும் ஓடறதில்லீங்க. புருஷன் நல்லவன். அடிக்கறதில்லை, குடிக்கறதில்லை, பொழுதோட ஊடு வந்துருவான். அவ ஒக்காந்து பூண்டு உரிக்கறா. அவன் டிவி பாத்துட்டே பேசறான். அவ ஊம் கொட்டறா. எந்தக் கார் வாங்கறதுன்னு பேசறான், ஊம். நீ வேலைய உட்டுருன்னு பேசறான், ஊம். படம் முழுக்க ஊம் கொட்டறா. கடைசில ஒரு தடவ கொட்டறதில்லை. அத்தோட படம் முடிஞ்சுது."

பெண்கள் பக்கம் விசிறிக்கொண்டிருந்த பாட்டுப் புத்தகங்கள் நின்றுவிட்டன.

"இது அந்தக் கவுனு படத்தைவிடப் பத்து மடங்கு மோசமுங்க. அது சும்மா காலை ஆட்டும், இது ஆள ஆட்டும். இதப் பாத்துத்தான் இந்தப் புள்ள எந்திரிச்சு நின்னிருந்தா அதுக்கு நாந்தான் பொறுப்பு. அதை எழுதிக்குங்க. ஆனா வருத்தம்னு எழுதாதீங்க, எனக்கு வருத்தமில்லை. நாளைக்கு இன்னொரு புள்ள நிச்சயத்தன்னிக்கு அழுதேன்னு வந்து நின்னாலும் இதே படத்தத்தான் சொல்லுவேன்."

ஜெரால்டு முதல் முறையாகத் தலையைத் தூக்கினார். பின்னால் திரும்பிக் கேட்டார். "ஏம் புள்ள? படம் பாத்துத்தானா நீ..."

"அப்பா, தடை இருந்தாச் சொல்லுங்கன்னு சாமியாரு கேட்டாரு. இருந்துச்சு, சொன்னேன்" என்றாள் ஜெனிதா. "கேக்கறதே சும்மாதான்னா, எதுக்குங்கப்பா மைக் வெச்சுக் கேக்கறாங்க?"

சாமியாருக்கு இதற்கு மேல் மேஜைத் துணி உதவவில்லை. முடிவு பேரவை எடுத்தது, தன் கையில் இல்லை என்று தாழ்ந்த குரலில் சொன்னார். கிளாடிஸ் அவரை அதிகம் கஷ்டப்படுத்தவில்லை. கைப்பையிலிருந்து சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "புரொஜெக்டருல ரெண்டாவது பொத்தான் ஒட்டாதுங்க. அழுத்திப் புடிக்கோணும்" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

வளாகத்து வேப்பமரத்தடியில் லோடு ஆட்டோ நின்றது. பாக்கியராஜ் வண்டியை எடுப்பதற்குள் ஜெனிதா ஓடி வந்தாள். மழையில்லை, கவுனும் இல்லை. செருப்பு வார் அறுந்து கையில் இருந்தது.

"ஆன்ட்டி, நெம்ப தேங்க்ஸுங்க."

"தேங்க்ஸெல்லாம் எதுக்கு கண்ணு. உண்மையச் சொன்னேன்."

ஜெனிதா செருப்பை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். "அதுல வந்து... ஒரு விஷயமுங்க. அந்தப் பூண்டுப் படம்... நான் தூங்கிப்போட்டேனுங்க."

"எதுல?"

"அதுலதானுங்க. பூண்டு உரிக்கறது வரைக்கும் பாத்தேன்."

"பூண்டு உரிக்கறதுதானே மொத சீனே!"

"ஆமாங்க."

பாக்கியராஜ் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான். அவன் முதுகு குலுங்கியது.

"அந்த ஓடற படம்?"

"அது ரெண்டு தடவ பாத்தேன் ஆன்ட்டி. சூப்பரா இருந்துச்சு. அந்தப் பைக்குக்காரன்..."

"போதும்" என்றாள் கிளாடிஸ். மண்டபத்தில் ஜெயக்கொடி பேசியபோதுகூட இப்படி அவள் வண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. "அப்ப எதப் பாத்து வேண்டாம்னே?"

"எதையும் பாக்கலீங்க. போன்ல அவரு பேசறாரு, பேசறாரு, பேசிட்டே இருக்கறாரு. எனக்குப் பேச ஒண்ணுமே வரலை. இன்னும் ஒரு ஞாயித்துக்கெழமதான் பாக்கின்னு தோணுச்சு. போயிச் சொல்லிட்டேன்." கொஞ்சம் யோசித்து, ஆறுதலாக ஒன்று சொன்னாள். "ஆனா உள்ள நீங்க அந்தக் கதை சொன்னீங்கல்ல, அது அருமைங்க. படத்தைவிட நல்லா இருந்துச்சு."

பாக்கியராஜ் தலையைத் தூக்கினான். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். "அம்மணி, இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. உள்ள போயி, புள்ள அதையும் பாக்கலையாம்னு சொன்னாப் போதும். சாவி இன்னும் மேஜைலதான் கெடக்கும்."

மண்டபத்துக் கதவு திறந்தே இருந்தது. ஆல்வின் தாள்களை அடுக்கிக்கொண்டிருப்பது வேப்பமரத்தடியிலிருந்து தெரிந்தது.

"போயி என்னன்னு சொல்றது? நான் சொன்ன படத்துல ஆளு தூங்கிப்போச்சு, அதனால நான் நல்லவளுன்னா?" கிளாடிஸ் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். "அந்தப் புள்ளைக்கு அந்தப் படத்தச் சொன்னது சரிங்க. அவ தூங்குனா அது படத்தோட குத்தமா? சாவிய வெச்சது வெச்சதுதான். ஏறு கண்ணு நீயி. வர்ற சனிக்கெழம எங்கூட்டுக்கு வாரே. தூங்காமப் பாக்கறே."

சனிக்கிழமை கிளாடிஸ் வீட்டின் முன்னறையில் காற்றுப் புக இடமில்லை. கட்டிலைத் தூக்கி வாசலில் நிறுத்தியிருந்தான் பாக்கியராஜ். வைண்டிங் மேஜை மொத்தமும் தரையில். மாசாணியம்மாள் மோர்ப் பானையை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில். சர்வே முடிந்து ஓரடி அவளுக்கே என்று தீர்ந்துவிட்டதால் முகத்தில் நல்ல வெளிச்சம். "பெரிய தெரையில பாத்துப்போட்டு இந்தக் குட்டி டிவில பாக்கறது, கண்ணாடியக் கழட்டி வெச்ச மாதிரி இருக்குது" என்றாள்.

"கிட்ட வந்து ஒக்காரு. எல்லாந் தெரியும்."

ஜெனிதாவைத் தனக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டாள் கிளாடிஸ். படம் ஆரம்பிக்கும் நேரத்தில் வாசலில் ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. ஜெயக்கொடியின் மூத்த மருமகள் பிரத்யுஷா. ஹெல்மெட்டைக் கழற்றாமலே, "இந்தப் பக்கமா வந்தனுங்க, அப்படியே..." என்றாள். அந்தச் சந்து கிளாடிஸ் வீட்டுக்கு அப்பால் எங்கும் போகாது. அதை யாரும் அவளிடம் சொல்லவில்லை. மாசாணியம்மாள் நகர்ந்து இடம் விட்டாள்.

படம் ஓடியது. திரையில் பெண் பூண்டை எடுத்தாள். ஒரு பல், இன்னொரு பல். அடுத்த அறையில் கணவன் ஏதோ சொன்னான். "இந்த வருசம் உங்கம்மா ஊட்டுக்குப் போக வேண்டாமுங்க, சேரிங்களா?" என்றாள் கிளாடிஸ், அவனுக்காக. திரையில் பெண் ஊம் என்றாள். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

மூன்றாவது பூண்டுக்குள் ஜெனிதாவின் தலை சாய்ந்தது. கிளாடிஸ் படத்தை நிறுத்தி அவள் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். "எந்திரி கண்ணு." ஜெனிதா திடுக்கிட்டு, "பாத்துட்டுத்தான் இருக்கறேனுங்க" என்றாள். மறுபடி ஓடியது. மறுபடி சாய்ந்தது. மறுபடி நிறுத்தினாள். ஜெனிதா இந்த முறை எழவும் இல்லை. கிளாடிஸின் தோளிலேயே வாயைத் திறந்து தூங்கினாள்.

"தண்ணி தெளிச்சு எழுப்பறனா இல்லையா பாரு" என்று கிளாடிஸ் சொம்புக்குக் கை நீட்டினாள்.

"அவ தூங்கட்டுமுங்கக்கா" என்றாள் பிரத்யுஷா. ஹெல்மெட் இப்போது அவள் மடியில் இருந்தது. கண் திரையிலேயே இருந்தது. "நீங்க ஓட உடுங்க."

கிளாடிஸ் அவளை ஒரு நிமிடம் பார்த்தாள். வழக்கமான கேள்விகள் நாக்கு வரை வந்தன. ஒன்றையும் கேட்காமல் பொத்தானை அழுத்தினாள்.